சத்தம் முடியட்டும்

அவள் பெயரை எழுதக் கூடாது என்று அவளே சொல்லியிருக்கிறாள். "பேரைச் சொன்னா எந்த ஊரு, யாரு மகளுன்னு கேப்பாக. பொறவு பாட்டை யாரு கேப்பா?" என்பது அவள் கட்சி. அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். ஒரகடம் ரோட்டில் இருந்த எங்கள் கம்பெனியிலும் அவள் பெயர் பஞ்ச் கார்டிலும் ரெஜிஸ்டரிலும் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவள் 'காது'. "காதுகிட்ட குடு, அது பாத்துக்கும்" என்பார்கள். கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

தொண்ணூறுகளின் கடைசி. வண்டிகளுக்கான இரும்புச் சாமான்களை வார்த்து, தேய்த்து, அனுப்புகிற கம்பெனி அது. நான் அங்கே ஃபர்ஸ்ட் எய்டு ரூம் நர்ஸ். பிள்ளைப்பாக்கம்தான் சொந்த ஊர். சைக்கிளிலேயே வேலைக்குப் போய்விடுவேன். கண்ணில் தூசு, விரலில் வெட்டு, தலைசுற்றல், இவைதான் தினசரி வரும் கேஸ்கள். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் காது டெஸ்ட் செய்ய வேண்டும். ஒரு சின்னக் கண்ணாடித் தடுப்புக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன். மெஷினிலிருந்து விதவிதமான ஸ்தாயியில் சத்தம் போகும். கேட்டதும் பட்டனை அழுத்த வேண்டும். எல்லாரும் ஐந்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு டீக்கு ஓடிவிடுவார்கள்.

அவள் முதல் தடவை வந்தபோது பட்டனை ஒவ்வொரு தடவையும் தாமதமாகவே அழுத்தினாள். காதில் கோளாறு என்று நினைத்துவிட்டேன். கதவைத் திறந்து, "கேக்குதா இல்லியாம்மா?" என்றேன்.

"கேக்குது சிஸ்டர்."

"அப்புறம் இன்னாத்துக்கு லேட்டா அழுத்துற?"

"சத்தம் முடியட்டும்னு இருந்தேன்."

வெளியே ஆண்கள் வரிசையில் நின்று சத்தம் போட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. "அந்த ரெண்டாவதா வந்துச்சே, அதை இன்னொருக்கா போடுவீகளா? அதுல ஒட்டு ஒடைசல் ஒண்ணுமே இல்ல சிஸ்டர். கழுவி வச்ச மாதிரி இருக்கு" என்றாள். ஏனோ போட்டுக் காட்டினேன். ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் கேட்டதைப் பார்த்தால், ஊரிலிருந்து யாரோ ஃபோனில் பேசுகிற மாதிரி இருந்தது.

அவளுக்குச் சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அங்கே தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள், கூடப் படித்த பெண்கள் இரண்டு பேர் கிளம்பியதும் தானும் கிளம்பி வந்துவிட்டாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடி அறையில் நாலு பேராகத் தங்கியிருந்தார்கள். கம்பெனியில் அவளுக்குக் கிடைத்தது இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. வார்த்து வந்த சாமானை ஒரு கையில் தொங்கவிட்டு, மறுகையில் உள்ள சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. நல்ல சாமான் மணி மாதிரி பாடும். உள்ளே விரிசல் இருந்தால் பொத்தென்று அடங்கிவிடும். மற்ற பெண்கள் தட்டின கையோடு பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். இவள் தட்டிவிட்டு, காதருகே கொண்டுபோய், அது முழுசாக அடங்கும்வரை காத்திருப்பாள்.

"ஏம்மா, நீ இன்னா கோயில் மணியா அடிச்சிக்கினு கீற? அங்க லாரி நிக்குது" என்று சூப்பர்வைசர் கத்துவார். அவள், "இந்தா முடிஞ்சிருச்சு சார்" என்பாள். முடிந்திருக்காது.

ஒரு தடவை அந்தக் காதே அவளுக்கு வினையாயிற்று. ஒரு நாள் வந்த சாமான் மொத்தத்தையும் தேறாது என்று ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டாள். அளவு சரியாக இருந்தது, கண்ணுக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. புரொடக்‌ஷன் மேனேஜரே வந்து கேட்டார்.

"சத்தம் மாறிட்டு சார்," என்றாள் அவள். "நேத்து வரைக்கும் இப்பிடி இல்ல."

மூன்று சாமான்களை அவள் எதிரிலேயே ரம்பம் வைத்து அறுத்தார்கள். உள்ளே வெள்ளித் தட்டு மாதிரி பளபளவென்று சுத்தமாக இருந்தது. ஷாப்பே சிரித்தது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நாலைந்து நாள் கழித்து, மதியம் அவள் என்னோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, லேபில் வேலை செய்த கெமிஸ்ட் அவளைத் தேடிக்கொண்டு என் ரூமுக்கு வந்தார். புது இடத்திலிருந்து இரும்பு வாங்கியிருக்கிறார்கள், கலவை கொஞ்சம் மாறியிருக்கிறது, அதனால் சாமானுக்கு ஒன்றும் கெடுதல் இல்லை என்றார். "நீ சொன்னது தப்பும்மா. ஆனா கேட்டது சரி."

அவர் போனபிறகு அவள் டிபன் பாக்ஸ் மூடியை ஒரு தட்டுத் தட்டிக் காதருகே கொண்டுபோனாள். அப்புறம், "கொறைன்னு நெனச்சிட்டேன் சிஸ்டர். அது கொறை இல்ல, வேற. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே இம்புட்டு நாளா தட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள்.

மறுவாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய இரும்பில் வார்த்த துண்டு ஒன்றும், அன்று அறுத்துப் போட்ட புது இரும்புத் துண்டு ஒன்றும் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டினாள். தனித்தனியாகக் கேட்டால் எனக்கு இரண்டும் ஒன்றுதான். சேர்ந்தபோது நடுவில் மூன்றாவதாக ஒன்று எழுந்தது. ஏரித் தண்ணீர் கரையில் மோதித் திரும்புகிற மாதிரி, வ்வோம், வ்வோம் என்று ஒரு அலை. "இது ரெண்டுலயும் இல்ல, பாத்தீகளா? ரெண்டும் சேந்து உண்டாக்குது." அதை ஒரு சின்ன டேப்ரெக்கார்டரில் பிடித்துக்கொண்டாள். அவள் போட்ட முதல் இசை அதுதான் என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு எனக்கு அது இரும்பு ஓசை. டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கையைக் கழுவப் போனேன்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. குன்றத்தூரில் கச்சேரிக் குழுவை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து ஒரு பழைய கீபோர்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். மற்றவர்கள் டைப்பிங் பழகியபோது இவள் அதில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாத்தியாரைக் குடைந்தாள். அறையில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் கீபோர்டை மாட்டுவதா, அயர்ன் பாக்ஸை மாட்டுவதா என்று தினமும் காலையில் சண்டை. கூட இருந்த பெண்ணொருத்தி ஒரு தடவை காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்தவள், "ஒரே கட்டையை அமுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கா சிஸ்டர். பாட்டு இப்ப வரும், இப்ப வரும்னு பாத்தா வரவே மாட்டேங்குது. எங்களுக்குப் பயமா இருக்கு" என்றாள்.

பாட்டு வரவே மாட்டேன் என்கிறது என்பதுதான் எல்லாருடைய குறையும். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அது பகிரங்கமாக வெடித்தது. பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொடுத்தபிறகு, ஷெட்டிலேயே மேடை போட்டு யார் வேண்டுமானாலும் பாடலாம், ஆடலாம் என்றார்கள். அவள் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். அந்த இரும்புத் துண்டுகளின் அலை டேப்பில் ஓட, அதன்மேல் நீளநீளமாகச் சத்தங்களை அடுக்கினாள். தாளம் இல்லை. வார்த்தை இல்லை. மேலே மணி ஓசை மாதிரி மெல்லிசாக ஒன்று மட்டும் விடாமல் போய்க்கொண்டிருந்தது.

முதலில் பொறுமையாக இருந்தார்கள். பிறகு, "கரண்ட் லோ வோல்டேஜா?" என்று ஒருவன் கேட்டான். சிரிப்பு. "காது, பாட்டைப் போடு!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். மைக் செட்காரர் யாரிடமும் கேட்காமல் வயரைப் பிடுங்கிவிட்டு ஒரு குத்துப்பாட்டைப் போட்டார். உடனே ஷெட்டே எழுந்து ஆடியது. அவள் கீபோர்டின் மேல் கையை வைத்தபடியே நின்றாள். பிறகு கீபோர்டைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கி, நேரே என் ரூமுக்கு வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. "பாதியில புடுங்கிட்டாக சிஸ்டர்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். பிடிக்காமல் போனதைவிட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு ஏகாம்பரம் வந்தார். கிரைண்டிங் ஷாப்காரர். வார்த்த சாமானின் பிசிறுகளைச் சக்கரத்தில் வைத்துத் தேய்க்கிற இடம் அது. அங்கே போனால் பல் கூசும். பக்கத்தில் நிற்பவன் வாய் அசைவது தெரியும், பேச்சு கேட்காது. பதினோரு வருஷமாக வேறு வேறு கம்பெனிகளில் அதே வேலையைச் செய்தவர் அவர். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். அவரோடு டீ குடிக்கக்கூட யாரும் போக மாட்டார்கள்.

"ஏம்மா, நீ வாசிச்சியே, அது இன்னாது?" என்றார்.

அவரும் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்தேன்.

"மேல ஒண்ணு கொய்யினு போய்க்கினே இருந்திச்சே, அதான் கேக்கறேன். என் காதுல எந்நேரமும் ஒரு விசில் அடிச்சிக்கினே கீது. நாலு வருசமா. சாப்புடறப்பவும் கீது, படுக்கறப்பவும் கீது. வூட்ல யார்னா பேசுனா கோவம் கோவமா வருது. நீ வாசிக்கறப்ப அது காணல. இன்னாடா இதுன்னு பாத்தா, உன்னுதுக்குள்ளயே போயி அது ஒளிஞ்சிக்கிச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்தப் பேமானி வயரைப் புடுங்கிட்டான். திரும்ப வந்திருச்சு" என்றார்.

அவள் எழுந்து அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "உங்க விசிலு எப்பிடி இருக்கும்ணே? மெல்லிசாவா, தடிச்சா? ஊதிக் காட்டுவீகளா?"

நாலு வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. காதில் இரைச்சல் என்று யாராவது வந்தால் காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவேன்.

மறுநாள் மதியம் காது டெஸ்ட் மெஷினைப் போட்டேன். ஒவ்வொரு சத்தமாக நான் அனுப்ப, "இதுக்கு மேல", "இல்ல, கொஞ்சம் கீழ" என்று ஏகாம்பரம் தன் விசிலைத் தேடினார். நாலாயிரம் என்று மெஷினில் ஒரு அளவு உண்டு. அதைத் தாண்டிச் சற்று மேலே அவருடைய விசில் இருந்தது. அவள் அதைக் குறித்துக்கொண்டு போய், கம்ப்யூட்டர் வகுப்பில் இருந்த பழைய கம்ப்யூட்டரிலேயே ஒரு கேசட் முழுக்க இசை செய்தாள். அவருடைய விசிலை நடுவில் வைத்து, அதற்குத் துணையாக மேலும் கீழும் சத்தங்களைச் சேர்த்தாள். கேட்கிறவருக்கு அது நோயாகத் தெரியாது, பாட்டின் ஒரு பகுதியாகத் தெரியும். "வெரட்டுனா போகாது சிஸ்டர். உக்கார எடம் குடுத்துட்டா சும்மா இருக்கும்" என்றாள்.

அது மருந்து இல்லை. விசில் போகவும் இல்லை. ஆனால் பத்து நாள் கழித்து ஏகாம்பரத்தின் மனைவி கம்பெனி கேட்டுக்கு ஒரு தூக்குவாளியில் கேழ்வரகு அடையோடு வந்து நின்றாள். "எந்தப் பொண்ணுமா அது? எங்க வூட்டாளு இப்பதாம்மா மனுசன் மாதிரி பேசுது" என்றாள்.

அப்புறம் கிரைண்டிங் ஷாப்பிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்கு விசில், ஒருவருக்குச் சில்வண்டு, ஒருவருக்கு அடுப்பில் பால் பொங்குகிற இரைச்சல். அவள் எல்லாருடையதையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஒருவருக்குச் செய்தது மற்றவருக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொருவருக்கும் புதிதாகச் செய்தாள். ஓவர்டைம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அந்தக் கேசட்டுகளில் ஒன்று என் வீட்டிலும் இருக்கிறது. சைரன், கம்பெனி பஸ், சுத்தியல் தட்டு, செம்பரம்பாக்கம் ஏரி மதகில் தண்ணீர் விழுகிற ஓசை, எல்லாவற்றையும் இழுத்து இழுத்து நீளமாக்கிப் போட்டிருப்பாள். எது எதுவென்று அடையாளம் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தால் மூச்சு தானாக நிதானத்துக்கு வரும்.

இங்கே நான் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதர்களின் காது கெட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். மெஷின் காட்டியது. ஆனால் பெர்சனல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "கிராமத்து ஆளுங்க, டெஸ்ட்ல சரியா அழுத்த மாட்டாங்க. ரெஜிஸ்டர்ல நார்மல்னு போட்டுடுங்க சிஸ்டர்" என்று முதல் வருஷமே சொல்லியிருந்தார். வீட்டில் என் சம்பளத்தை நம்பி ஆட்கள் இருந்தார்கள். நார்மல், நார்மல் என்று எழுதிக்கொண்டே வந்தேன். பேனா தானாகவே அந்த வார்த்தையை எழுதிவிடும்.

அடுத்த வருஷ டெஸ்டுக்கு அவள் வழக்கம்போல ஆசையாக வந்து உட்கார்ந்தாள். கிரைண்டிங் ஷாப்புக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புத்தான் இருந்தது. வலது காது முடிந்தது. இடது காதில் நாலாயிரத்தை அனுப்பினேன். அவள் புன்னகையோடு உட்கார்ந்திருந்தாள். சத்தத்தைக் கூட்டினேன். பட்டனை அழுத்தவில்லை. இன்னும் கூட்டினேன். கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தாள்.

"போட்டுட்டீகளா சிஸ்டர்?"

பொய் சொல்லியிருக்கலாம். "போட்டுட்டேன்" என்றேன்.

ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதன் வயரையே நீவிக்கொண்டிருந்தாள். "எம்புட்டு போயிருக்கு?"

"இடது காதுல மட்டும்தான். மேல் சத்தம் மட்டும்தான். அதுவும் கொஞ்சம்தான். இப்பவே சத்தத்தை விட்டு வெளிய வந்துட்டா மேல கெடாது." நர்ஸ் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே போனேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ரெஜிஸ்டரைத் திறந்து அவள் பெயருக்கு நேரே பேனாவை வைத்தேன். பேனா 'நா' என்று ஆரம்பித்துவிட்டது.

அவள் எழுந்து வந்து பார்த்தாள். மேலே இருந்த வரிகளையும் பார்த்தாள். ஏகாம்பரம், நார்மல். அவருக்குக் கீழே வரிசையாக எல்லாரும் நார்மல். அவர்கள் ஒவ்வொருவருடைய இரைச்சலையும் தன் கையால் எழுதி வைத்திருந்தவள் அவள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உள்ளதை எழுதுங்க சிஸ்டர்," என்றாள். "எனக்காவது எழுதுங்க."

எழுதினேன். இடது காது, நாலாயிரம், எவ்வளவு குறைவு என்று எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, எங்களிடம் சாமான் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வந்தார்கள். அதில் ஒரு அம்மா என் ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே வந்து அந்த ஒரு வரியில் நின்றாள். சக்கரத்தில் நிற்பவர்கள் எல்லாருக்கும் காது நன்றாக இருக்கிறது, தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டுகிற பெண்ணுக்கு மட்டும் எப்படிக் கெட்டது என்று கேட்டாள். பெர்சனல் மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. "மத்தவங்களை இப்பவே திரும்ப டெஸ்ட் பண்ணலாம் மேடம்" என்றேன். சொல்லிவிட்டுப் போய் மெஷின் ஸ்விட்சைப் போட்டேன்.

அன்றைக்கு மாலைக்குள் பத்தொன்பது பேரை டெஸ்ட் செய்தோம். அதற்குப் பிறகு காதுக்கு உறைகள் வந்தன. கிரைண்டிங் ஷாப்பைச் சுற்றிச் சுவர் எழும்பியது. ஆட்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலை மாற்றினார்கள். எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள், வேலை தப்பியது. அவளுக்குக் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் சுத்தியலை ஒப்படைத்துவிட்டு, "நல்லதாப் போச்சு சிஸ்டர். நீங்கதானே வெளிய வரச் சொன்னீக" என்று சிரித்தாள். கம்பெனி பஸ்ஸில் ஏறாமல் நடந்தே போனாள். கேட்டிலிருந்து ஏகாம்பரமும் இன்னும் சிலரும் அவளோடு பஸ் ஸ்டாப்வரை போனார்கள்.

அதற்கப்புறம் அவள் வாழ்க்கை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பூந்தமல்லியில் ஒரு காது டாக்டர், ஏகாம்பரம் கொண்டுபோன கேசட்டைக் கேட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். தன்னிடம் வருகிறவர்களுக்கு அவளை வைத்து அதே மாதிரி செய்துகொடுத்தார். அவர் மூலமாகச் சென்னையில் ஒரு கேசட் கம்பெனி கிடைத்தது. அந்த முதலாளியைப் பார்க்கப் போனபோது என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். அவர் கண்ணை மூடிக் கொஞ்சம் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. தியானத்துக்குன்னு போட்டா போகும். ஆனா இதுல ஓம் எங்கம்மா? புல்லாங்குழல் எங்க?" என்றார்.

"அந்தா தூரத்துல ஒண்ணு ஊதுதே சார், அது போதாதா?" என்றாள்.

"ஆமா, சங்கு. அது பிரமாதமா இருக்கு. எங்க புடிச்சீங்க?"

"ஸ்ரீபெரும்புதூர்ல சார். எங்க கம்பெனி ஷிப்ட் சைரன்."

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டார். அட்டையில் பனிமலை போட்டு, 'மன அமைதி' என்று பெயர் வைத்து வெளியிட்டார். அவள் பெயர் எங்குமே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அவள், "பேரு இல்லாட்டி என்ன சிஸ்டர், இமயமலை இருக்குல்ல" என்றாள். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில், யோகா வகுப்புகளில், பிரசவ ஆஸ்பத்திரிகளில் அது ஓடியது. எங்கள் கம்பெனி சைரனைக் கேட்டு எத்தனையோ பேர் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்துக் கேசட்டுகளும் சி.டி.க்களும் வந்தன. குன்றத்தூர் மலையடிவாரத்தில் ஒரு மாடிப் பகுதியை வாடகைக்கு எடுத்தாள். சொந்தக் கம்ப்யூட்டர் வந்தது. இடது காதில் கேட்காத அந்த மேல் சத்தத்தை வலது காதால் சரிபார்ப்பாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை கேட்பாள்.

சென்னைக்கு யோகா கற்றுக்கொள்ள வந்த ஒரு வெளிநாட்டுப் பெண் அந்தச் சி.டி.யைக் கேட்டுவிட்டு, செய்தது யார் என்று கேசட் கம்பெனியில் விடாமல் விசாரித்து அவளைக் கண்டுபிடித்தாள். தங்கள் ஊரில் எலெக்ட்ரானிக் இசைக்காரர்கள் கூடுகிற ஒரு விழாவுக்கு வரச்சொல்லிக் கடிதம் அனுப்பினாள். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். விண்ணப்பித்தாள். போலீஸ் விசாரணைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட நான் லீவு போட்டுவிட்டுக் குன்றத்தூர் போனேன்.

காலைப் பதினொரு மணிக்குக் கான்ஸ்டபிள் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மாடியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க அவள் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தாள். அவற்றைப் பார்த்துவிட்டு, "இன்னா, முட்டை யாவாரமா?" என்றார்.

"இல்ல சார். இசையமைப்பாளர்."

"எந்தப் படம்?"

"படம் இல்ல சார்."

"சீரியலா?"

"அதுவும் இல்ல சார். சும்மா கேக்கறதுக்கு."

"சும்மா கேக்கறதுக்கு ஃபாரின்காரன் கூப்புடறானா?" அவர் பேனாவை மூடிவிட்டார். தனியாக இருக்கிற பெண், தெளிவில்லாத தொழில், வெளிநாட்டுக் கடிதம். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது எனக்குப் புரிந்தது. "ப்ரூஃப் இன்னா கீது?"

அவள் சி.டி.யை நீட்டினாள். அவர் முன்னும் பின்னும் திருப்பினார். "மலை போட்டு கீது. உன் பேரு எங்க?"

"பேரு இல்ல சார்."

"பேரு இல்லாததைக் காட்டினா நான் எப்படி எழுதறது? தொழில் இல்லைன்னு போட்டுடறேன், மேல பாத்துக்கட்டும்." அப்படி எழுதினால் அந்த விண்ணப்பம் எங்கே போய்ச் சேரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் இடையில் புகுந்து ஏகாம்பரம், டாக்டர், கேசட் முதலாளி என்று அடுக்க ஆரம்பித்தேன். அவள் என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"சார், நான் போட்டதை ஒருக்கா கேளுங்க. கேட்டுட்டு என்ன தோணுதோ அதை எழுதிக்கிடுங்க. ஆனா பாதியில எந்திரிக்கக் கூடாது."

அவருக்கு அது விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். சரி, போடு என்பதுபோலக் கையை அசைத்தார். நான் டீ கொண்டுவந்து வைத்தேன். அவள் பட்டனைத் தட்டிவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

அது அந்த விழாவுக்காகச் செய்த புதுசு. நானும் அன்றுதான் கேட்டேன். முதலில் அவர் மேஜையில் விரலால் தாளம் தேடினார். கிடைக்கவில்லை. வாட்சைப் பார்த்தார். ஃபைலைப் புரட்டினார். கொஞ்ச நேரத்தில் விரல் நின்றது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே மலைப்படிகளில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆடை கட்டிப் போயிற்று. முடிந்தபிறகும் அவர் உடனே அசையவில்லை. 

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஃபைலைத் திறந்தார். "இசை... யமைப்பாளர்" என்று எழுத்துக் கூட்டிக்கொண்டே எழுதினார். என் பக்கம் திருப்பிக் கையெழுத்து வாங்கினார். எழுந்து வாசல்வரை போனவர், திரும்பி, "எங்க வூட்டம்மா சரியா தூங்கறதில்ல. நாலு மாசம் ஆவுது, பையன் தவறிப்போயி" என்றார். 

அவள் ஒரு சி.டி.யை எடுத்துக் கொடுத்தாள். "மொத நாளு தூக்கம் வராது சார். விடாம போடுங்க."

அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பட்டன் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். நாங்கள் மாடி ஜன்னலில் நின்று பார்த்தோம். ஸ்டாண்டை எடுத்தவர் வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துத் தெரு நெடுகத் தள்ளிக்கொண்டே போனார். வண்டி ரிப்பேர் போலிருக்கிறது, பாவம் என்று நான் சொன்னேன். தெருமுனைக்குப் போய்த் திரும்புகிற இடத்தில் நின்று, ஒரே உதையில் ஸ்டார்ட் செய்துகொண்டு போனார்.